ஓடும்போது வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை எந்த அளவுக்கு நம்பலாம்?

2016-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆரோக்கியமான 50 பேரை டிரெட்மில்லில் ஏற்றி, மெதுநடையில் தொடங்கி ஓட்டம் வரை கொண்டுபோனார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் இ.சி.ஜி மின்முனைகள் ஒட்டியிருந்தன. மார்பைச் சுற்றி, துடிப்பை அளக்கும் போலார் நிறுவனப் பட்டை ஒன்று. கைகளில், அப்போது பரவலாக விற்ற நான்கு வாட்ச்களில் ஏதாவது இரண்டு. இ.சி.ஜி காட்டிய துடிப்போடு மற்றவை எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டு, முடிவை ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியிட்டார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1. மார்புப்பட்டைக்கு 0.99 வந்தது. ஆப்பிள் வாட்சுக்கும் மியோ ஃபியூஸுக்கும் 0.91. ஃபிட்பிட் சார்ஜ் ஹெச்.ஆருக்கு 0.84, பேசிஸ் பீக்குக்கு 0.83.

0.91 என்று கேட்டால் நல்ல எண்ணாகத்தான் தோன்றும். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்த 0.91 வாங்கிய வாட்ச்களில்கூட, 95 சதவீத அளவீடுகளை உள்ளடக்க வேண்டுமானால் உண்மைத் துடிப்புக்குக் கீழே 27, மேலே 29 வரை இடம் விட வேண்டியிருந்தது. அதாவது இதயம் நிமிடத்துக்கு 150 முறை துடிக்கும்போது வாட்ச் 123 என்றும் காட்டலாம், 179 என்றும் காட்டலாம். ஃபிட்பிட்டில் இந்த இடைவெளி கீழே 34, மேலே 39. ஒரே சோதனை, ஒரே ஆட்கள். முதல் எண்ணைப் படித்தால் வாட்சை நம்பலாம் போலிருக்கும். இரண்டாவதைப் படித்தால் அதை வைத்து ஓட்டத்தின் வேகத்தை முடிவு செய்யத் தயக்கம் வரும்.

அந்த வாட்ச்கள் எல்லாம் பழசாகிவிட்டன என்பது உண்மைதான். இன்றைய வாட்ச்களில் விளக்குகள் கூடியிருக்கின்றன, உள்ளே இருக்கும் கணக்கீடும் எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் பிழை வரும் விதம் மாறவில்லை. "சராசரியாக இத்தனை சதவீதம் துல்லியம்" என்று சொல்லப்படும் எண் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிதாக உதவாது என்பதே என் கருத்து. ஏனென்றால் பிழை எல்லா நேரத்திலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது கிட்டத்தட்ட பிழையே இல்லை. ஓட்டத்தின் முதல் பத்து நிமிடம், வேகத்தைத் திடீரென்று கூட்டும் நேரம், டம்பெல் தூக்கும் நேரம் ஆகியவற்றில் பிழை குவியலாக வந்து விழுகிறது. உடற்பயிற்சி செய்பவர் அந்த எண்ணைத் தேடுவதும் அந்த நேரங்களில்தான்.

பச்சை விளக்கு என்ன பார்க்கிறது?

இ.சி.ஜியும் மார்புப்பட்டையும் இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கின்றன. இதயத் தசை சுருங்குவதற்கு முன் அதில் ஒரு மின் அலை ஓடும். அந்த அலையின் கூரான உச்சியை மார்புத் தோலில் வைத்த மின்முனைகள் உணரும். ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தால் துடிப்பு தெரிந்துவிடும். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-ல் இதைக் கம்பியில்லாமல், மார்புப்பட்டையும் கைக்கடிகாரமுமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் மார்புப்பட்டை அதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது.

வாட்ச் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. ரத்தத்தைப் பார்க்கிறது. அதன் அடியில் மின்னும் பச்சை எல்.இ.டி தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஒளி உணரி, உள்ளே சிதறித் திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் சற்றுக் கூடும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். அதனால் ரத்தம் கூடும் கணத்தில் திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் துடிப்பைச் சொல்கிறது. ஃபோட்டோபிளெதிஸ்மோகிராஃபி என்று பெயர். நீளமான பெயர்தான், எல்லாரும் பி.பி.ஜி என்றே சொல்கிறார்கள். புதிய உத்தியும் இல்லை. அமெரிக்க உடலியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கிளிப்பும் இதே குடும்பம். அதில் சிவப்பும் அகச்சிவப்பும் விரலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும். மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் அடர்ந்திருப்பதால் அப்படி ஊடுருவ முடியாது. திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பச்சையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அகச்சிவப்பு ஆழமாகப் போகும். ஆழத்தில் தசையும் தசைநாரும் அசையும்போது அந்த அசைவும் சேர்ந்து பதிவாகும். பச்சை மேலோட்டமாகவே நின்றுவிடுவதால் அசைவின் தொல்லை சற்றுக் குறைவு. அப்படியிருந்தும் கிடைப்பது மிகச் சிறிய சமிக்ஞைதான். திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி தோல், கொழுப்பு, அசையாத ரத்தம் இவற்றிலிருந்து வருவது. துடிப்போடு மாறுவது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தால் அதிகம். கை அசையாமல் இருக்கும்வரை அந்தச் சிறு மாற்றம் தெளிவாகத் தெரியும்.

கை அசைந்தால்?

ஓடும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுக்க ஓர் அதிர்வு போகிறது. வாட்ச் தோல்மேல் ஒரு மயிரிழை நகர்கிறது, வெளி வெளிச்சம் ஓரத்தில் கசிகிறது, சிரைகளில் இருக்கும் ரத்தமே கைவீச்சுக்குத் தக்கபடி அலைகிறது. இந்த ஒவ்வொன்றும் ஒளி உணரிக்கு வரும் ஒளியை மாற்றும். அந்த மாற்றம் இதயத் துடிப்பால் வரும் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரிதாகவும் இருக்கலாம்.

பாதத் துடிப்பைக் காட்டும் வாட்ச்

நீண்ட காலம் ஓடுபவர்கள் பலருக்குப் பழக்கமான காட்சி இது. மெதுவாக, மூச்சு வாங்காமல், பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகிறோம். வாட்சைப் பார்த்தால் 172. அந்த வேகத்தில் அவ்வளவு துடிப்பு இருக்க வாய்ப்பே இல்லை. சிக்னலில் நிற்கிறோம். அரை நிமிடத்தில் 118-க்கு இறங்குகிறது. திரும்ப ஓடத் தொடங்கினால் மறுபடி 170-ஐத் தொடுகிறது. வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்து, நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தோம் என்ற வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகும். வாட்ச் அத்தனை நேரமும் எண்ணியது நம் காலடியை. ஓட்டக்காரர்கள் இதைக் 'கேடன்ஸ் லாக்' என்கிறார்கள்.

இது ஏன் ஓட்டத்தில் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கு விளக்கிவிடும். பொழுதுபோக்காக ஓடுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 180 அடி வைப்பார். அவருடைய இதயம் ஓட்டத்தில் 130 முதல் 180 வரை துடிக்கும். இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. சமிக்ஞையை அலைவெண்களாக, அதாவது எது நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று, பிரித்துப் பார்க்கும் கணினிக் கணக்கீட்டுக்கு அங்கே இரண்டு மேடுகள் தெரியும். ஒன்று காலடி, இன்னொன்று இதயம். எது எது என்று பெயர் எழுதி ஒட்டியிருக்காது. போதாக்குறைக்கு ஒவ்வொரு கையும் இரண்டு அடிக்கு ஒரு முறை முழு வீச்சு வீசுவதால், காலடி எண்ணின் பாதியிலும் ஒரு மேடு எழும். 170 அடி வைப்பவருக்கு 85-ல். சிலருக்கு நல்ல ஓட்டத்தின் நடுவே வாட்ச் திடீரென்று 85, 90 என்று காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

வாட்ச் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்குள் ஆக்சிலரோமீட்டர் என்ற அசைவு உணரி இருக்கிறது. கை எந்த அலைவெண்ணில் ஆடுகிறது என்று அது சொல்லிவிடும். ஒளிச் சமிக்ஞையிலிருந்து அந்த அலைவெண்ணைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதை இதயம் என்று எடுத்துக்கொள்ளலாம். காலடி 170, இதயம் 140 என்றால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். காலடியும் 170, இதயமும் 168 என்றால்? அசைவைக் கழிக்கும்போது இதயமும் சேர்ந்து கழிந்துபோகும். அதற்குப் பயந்து கழிக்காமல் விட்டால் காலடியே இதயமாகப் பதிவாகும். இது வெறும் மென்பொருள் குறை இல்லை. ஒரே அலைவெண்ணில் இரண்டு மூலங்கள் இருந்தால், அந்த ஒரு சமிக்ஞையை மட்டும் வைத்து அவற்றைப் பிரிப்பது அடிப்படையிலேயே கடினம். அதனால்தான் முந்தைய சில விநாடிகளில் துடிப்பு எங்கே இருந்தது, அங்கிருந்து எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்ற ஊகத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள். தொடக்கத்திலேயே தப்பான மேட்டைப் பிடித்துவிட்டால் அந்த ஊகமும் தப்பான மேட்டையே தொடர்ந்து பிடித்துக்கொண்டு போகும்.

ஆராய்ச்சியாளர்கள் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். 2015-ல் ஜிலின் ஜாங்கும் உடன் பணியாற்றியவர்களும் ட்ரோய்கா என்ற முறையை வெளியிட்டார்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வரை ஓடிய 12 பேரின் மணிக்கட்டுத் தரவில் சராசரிப் பிழை நிமிடத்துக்கு 2.34 துடிப்பு மட்டுமே. அதே ஆண்டு மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ, மாணவர்களுக்கான சமிக்ஞைச் செயலாக்கப் போட்டிக்கே இதைத் தலைப்பாக வைத்தது. அதற்குப் பிறகு வந்த முறைகள் அந்தப் பிழையை இன்னும் குறைத்திருக்கின்றன. ஆனால் 12 பேர், டிரெட்மில், சரியாக இறுக்கிய பட்டை என்ற சூழலில் வாங்கிய எண்ணை, பெசன்ட் நகர் கடற்கரையில் வியர்வையில் வழுக்கிக்கொண்டிருக்கும் வாட்சுக்கு அப்படியே பொருத்த முடியாது.

எண் இல்லை என்று சொல்லத் தெரியாத கருவி

இந்த வாட்ச்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். சமிக்ஞை மோசமாக இருக்கும்போது "இப்போது அளக்க முடியவில்லை" என்று திரையில் சொல்வது அபூர்வம். ஏதோ ஓர் எண் வந்துகொண்டே இருக்கும். வாழைப்பழத்தில் வாட்சைக் கட்டினால்கூடத் துடிப்பு காட்டும் வீடியோக்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது மோசடி இல்லை. பழத்தோலிலும் ஒளி சிதறித் திரும்பும், அதில் சிறு சிறு இரைச்சல் இருக்கும், அந்த இரைச்சலில் துடிப்பைத் தேடு என்று கட்டளையிடப்பட்ட மென்பொருள் தேடி ஒன்றை எடுத்துக் கொடுக்கும். நம் கையிலும் சமிக்ஞை கெட்டுப்போன நேரத்தில் நடப்பது ஏறக்குறைய அதுதான். வரும் எண் 400 என்று இருந்தால் நாம் உடனே சந்தேகப்படுவோம். 164 என்று நம்பும்படியாக வருவதால் சந்தேகம் வருவதில்லை.

அப்புறம் தாமதம். ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியாக நம்ப முடியாததால், வாட்ச் சில விநாடிகளின் தரவைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் காட்டும். ஒரே வேகத்தில் ஓடினால் இது ஒரு குறையே இல்லை. ஆனால் 30 விநாடி முழு வேகம், 30 விநாடி ஓய்வு என்று இன்டர்வல் ஓடினால், இதயம் ஏறி இறங்கி முடித்த பிறகு வாட்ச் ஏறத் தொடங்கியிருக்கும். மேடும் பள்ளமும் மழுங்கிப்போய், உண்மையான உச்சத்தை அது காட்டாமலே விட்டுவிடக்கூடும். ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலும் ஒரே வேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டு, துடிப்பு நிலைப்பட்ட பிறகுதான் அளவெடுப்பார்கள். ஆகவே இந்தத் தாமதம் அவர்களுடைய பிழைக் கணக்கில் முழுமையாக வராது.

பயிற்சியின் வகைக்கு ஏற்பப் பிழை மாறுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-ல் வெளியான ஆய்வில், பிழை மிகக் குறைவாக இருந்தது நிலையான சைக்கிளில். கை கைப்பிடியில் அசையாமல் இருக்கும் அல்லவா. மிக அதிகம் நடையில். நடைதானே சுலபம் என்று தோன்றும். ஆனால் நடக்கும்போது கைவீச்சு தளர்வானது, தோலில் ரத்த ஓட்டமும் இன்னும் முழுதாகத் திறந்திருக்காது. அதே ஆண்டு கிளீவ்லேண்ட் கிளினிக் குழு இன்னொரு 50 பேரை வைத்து டிரெட்மில், சைக்கிள், நின்றபடி மிதிக்கும் எலிப்டிக்கல் கருவி மூன்றையும் ஒப்பிட்டது. கைப்பிடிகளையும் தள்ளி இழுக்கும் வகை எலிப்டிக்கலில் ஒளி உணரிகள் தடுமாற, மார்புப்பட்டை மட்டும் நிலையாக நின்றது.

ஜிம்மில் எடை தூக்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல். கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் இறுகி, மணிக்கட்டின் தசைநார்கள் புடைத்து வாட்சைத் தூக்கிவிடும். ரத்த ஓட்டமும் அந்த நேரத்தில் தடைபடும். புஷ்-அப் எடுக்கும்போது மணிக்கட்டு பின்னோக்கி மடங்குவதும் அப்படித்தான். சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள், ஜிம் சைக்கிளில் கிடைத்த துல்லியம் இங்கேயும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். மேடுபள்ளத்தின் அதிர்வு கைப்பிடி வழியாக நேரே மணிக்கட்டுக்கு ஏறும்.

தோல் நிறம்

நமக்கு இது பக்கத்து வீட்டு விஷயம் இல்லை, நம்முடைய விஷயம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும். மெலனின் கூடக் கூட உள்ளே போகும் ஒளியும் திரும்பி வரும் ஒளியும் குறையும், சமிக்ஞை நலியும். இது இயற்பியல். நடைமுறையில் அது எவ்வளவு பிழையாக வெளிப்படுகிறது என்பதில்தான் ஆய்வுகள் வேறுபடுகின்றன. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கருமையான தோல், அதிக உடல் எடைக் குறியீடு, ஆண்கள் ஆகிய பிரிவுகளில் பிழை கூடுதலாக இருந்தது. 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தினர் 53 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எல்லாத் தோல் நிறங்களிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்த்தார்கள். நிறத்தைப் பொறுத்துக் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கருவிக்குக் கருவி வித்தியாசம் பெரிதாக இருந்தது. அசைவின்போது பிழை ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடியது.

டியூக் ஆய்வு ஆறுதல் தருவதுதான். சமிக்ஞை நலிந்தால் எல்.இ.டியின் வெளிச்சத்தைக் கூட்டிச் சமாளிக்க இன்றைய வாட்ச்களால் முடியும். ஆனால் இத்தோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. இந்த ஆய்வுகள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975-ல் வெயிலில் தோல் எவ்வளவு சுடும், எவ்வளவு கறுக்கும் என்பதைப் பார்க்க வந்தது. கருமையான தோலுக்கான பிரிவுகளே அதில் பிறகு சேர்க்கப்பட்டவைதான். 53 பேரை ஆறு பிரிவாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பத்துப் பேர்கூட வருவதில்லை. இதே ஒளிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்சிமீட்டரில், கறுப்பின நோயாளிகளின் ஆபத்தான ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகக் கண்ணில் படாமல் போனது என்று 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அந்தக் கருவி பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் மருத்துவமனைகளில் இருந்தது. ஆகவே இந்தியாவில் வாட்ச் விற்கும் நிறுவனங்கள், நம் நாட்டு மக்களின் தோலில், நம் வெயிலில், ஓட்டத்தின்போது எடுத்த பிழைக் கணக்கை வெளியிட வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

பச்சை குத்தியிருந்தால் பிரச்சினை இன்னும் நேரடியானது. கருமையான மை ஒளியைத் தடுத்துவிடும். 2015-ல் ஆப்பிள் வாட்ச் வந்த சில நாட்களிலேயே இந்தப் புகார் எழுந்தது, நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டது. மற்றக் கையில் கட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

குளிரும் சமிக்ஞையைக் கெடுக்கும். குளிரில் உடம்பு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். டொரண்டோவில் குளிர்காலத்தில் ஓடும் தமிழருக்கு இது தினசரித் தொல்லை. சென்னைவாசிக்கு ஊட்டிக்குப் போனால் வரலாம். நம் சமவெளி வெயிலில் நடப்பது வேறு. அங்கே தோலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், வியர்வையில் வாட்ச் வழுக்குவதுதான் தொல்லை. வெயிலில் ஒரே வேகத்தில் ஓடினாலும் நேரம் ஆக ஆக இதயத் துடிப்பு உண்மையாகவே ஏறும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, வியர்வையில் நீரும் குறைகிறது. ஏப்ரல் காலையில் வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடக் காட்டினால் அதற்கு வாட்சைக் குறைசொல்லிவிட்டு வேகத்தைக் குறைக்காமல் ஓடக்கூடாது.

ஒரு தப்பான எண் எங்கெல்லாம் போகிறது

இதயத் துடிப்பு தனியாக நின்றுவிடுவதில்லை. அதை வைத்து வாட்ச் வேறு பலவற்றையும் கணக்கிடுகிறது. முதலில் ஜோன், அதாவது அதிகபட்சத் துடிப்பில் எத்தனை சதவீதம் என்பதை வைத்துப் பயிற்சியின் கடுமையைப் பிரிக்கும் படிகள். இன்று ஓட்டக் குழுக்களில் எங்கே பார்த்தாலும் "ஜோன் 2-ல் ஓடு" என்ற பேச்சுதான். பெரும்பாலான வாட்ச்கள் அதிகபட்ச இதயத் துடிப்பை 220-லிருந்து வயதைக் கழித்துப் பெறுகின்றன. 40 வயதுக்காரருக்கு 180. ஒரு ஜோன் அதில் பத்து சதவீதம், அதாவது 18 துடிப்பு அகலம். கிளீவ்லேண்ட் சோதனையின் 27, 29 என்ற எல்லைகளை இதோடு வைத்துப் பாருங்கள். ஜோன் 2-ல் ஓடுபவரை வாட்ச் ஜோன் 4-க்கே கொண்டுபோய் விட்டுவிடலாம்.

அந்த 220 சூத்திரத்தின் அடித்தளமும் அப்படி ஒன்றும் உறுதியானது அல்ல. 1971-ல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பரவியது அது. 2001-ல் ஹிரோஃபூமி தனாகா குழுவினர் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். 60 வயதுக்காரருக்கு முதல் சூத்திரத்தில் 160, இரண்டாவதில் 166. எந்தச் சூத்திரம் என்றாலும் ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்து, இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பது சகஜம். ஆக, சென்சாரின் பிழை ஒரு பக்கம், சூத்திரத்தின் பிழை இன்னொரு பக்கம். இரண்டையும் சுமந்துகொண்டு வரும் ஜோன் எண்ணைப் பார்த்துத்தான் பலர் தம் வேகத்தை முடிவுசெய்கிறார்கள்.

இன்னொரு சுழலும் உண்டு. பல வாட்ச்கள் ஓட்டத்தில் பதிவான உச்சத் துடிப்பைத் தாமாகவே உங்கள் அதிகபட்சமாக ஏற்றுக்கொள்ளும். ஒரு நாள் கேடன்ஸ் லாக்கில் 195 என்று தப்பாகப் பதிவானால், அதன்பின் எல்லா ஜோன்களும் மேலே நகர்ந்துவிடும். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடச் சொல்லும். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று சொல்லும் வி.ஓ.டூ மேக்ஸ் மதிப்பீடும் பாதிக்கப்படும். எத்தனை மணிநேரம் ஓய்வு தேவை என்ற ஆலோசனையும் மாறிப்போகும். அமைப்புகளுக்குள் போய் அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைப்பது நல்லது.

கலோரி பற்றி ஒன்று மட்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் ஏழு கருவிகளில் ஆறு, இதயத் துடிப்பில் 5 சதவீதத்துக்குள் இருந்தன. அதே கருவிகள் கலோரிக் கணக்கில், சிறந்தது 27 சதவீதம், மோசமானது 93 சதவீதம் தவறின. வாட்ச் சொன்ன 400 கலோரியை நம்பி இன்னொரு பரோட்டாவுக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

சும்மா இருக்கும்போது நல்ல கருவி

இவ்வளவும் சொன்ன பிறகு, வாட்சைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் ஓய்வுத் துடிப்பு, தூக்கத்தில் துடிப்பு, வாரக்கணக்கில் அது எப்படி ஏறி இறங்குகிறது என்பதில் இந்தச் சென்சார்கள் உண்மையாகவே உதவுகின்றன. காய்ச்சல் வரும் முன்னும், தூக்கம் கெட்ட நாட்களிலும் ஓய்வுத் துடிப்பு ஏறுவதை அவை நன்றாகக் காட்டும். 2019-ல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். ஒழுங்கற்ற நாடியை வாட்ச் கண்டுபிடித்து எச்சரிக்க முடியுமா என்பதே கேள்வி. எச்சரிக்கை போனது 0.52 சதவீதம் பேருக்கு. அப்படி எச்சரிக்கை வந்தவர்கள் பிறகு தோலில் ஒட்டும் இ.சி.ஜி கருவியை அணிந்திருந்தபோது வாட்ச் மீண்டும் எச்சரித்த நேரங்களில், நூற்றுக்கு 84 முறை இ.சி.ஜியும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்புக் கோளாறைக் காட்டியது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த அளவீடுகளை வாட்ச் எடுத்தது கை அசையாமல் இருந்த நேரங்களில். தயாரித்தவர்களுக்கே தம் கருவி எப்போது நம்பத் தக்கது என்று தெரிந்திருக்கிறது. அந்தத் தகவலை ஓடும்போது திரையிலும் காட்டியிருக்கலாம்.

சரி, ஓடுபவர் என்ன செய்யலாம்? வாட்சை மணிக்கட்டு எலும்பின்மேல் கட்டாமல், இரண்டு விரல் அளவு மேலே ஏற்றி, முன்கையின் சதைப்பகுதியில் கட்டினால் நல்ல மாற்றம் தெரியும். தோலோடு ஒட்டி நகராமல் இருக்க வேண்டும், ஆனால் கழற்றியபின் ஆழமான தழும்பு விழும் அளவுக்கு இறுக்கக்கூடாது. அதிகம் இறுக்கினால் அளக்க வேண்டிய ரத்தமே அங்கே வராது. ஓடத் தொடங்குவதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கினால் தோலில் ரத்த ஓட்டம் திறந்து, சென்சார் சரியான மேட்டைப் பிடிக்க வாய்ப்புக் கூடும். ஓட்டத்தின் நடுவே காலடி எண்ணோடு ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தால், சில விநாடி நின்று வாட்சைச் சரிசெய்து மறுபடி தொடங்கலாம்.

துடிப்பைப் பார்த்துப் பயிற்சி செய்வது என்று உண்மையாகவே முடிவெடுத்தவர்களுக்கு மார்புப்பட்டைதான். முழங்கைக்கு மேலோ முன்கையிலோ கட்டும் ஒளிப்பட்டை அடுத்த நிலை. அங்கே சதை கூடுதல், அசைவு குறைவு. மார்புப்பட்டையும் குறையே இல்லாதது அல்ல. காய்ந்த தோலில் முதல் சில நிமிடம் தாறுமாறாகக் காட்டும், செயற்கை இழைச் சட்டையின் உராய்வில் வரும் மின்னூட்டம் கெடுக்கும். மின்முனைகளைக் கட்டும் முன் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கருவியே இல்லாத ஒரு வழியும் மருத்துவத்தில் மதிக்கப்படுகிறது. சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் 6-ல் தொடங்கி 20-ல் முடியும். 6 என்றால் எந்த சிரமமும் இல்லை, 20 என்றால் இனி முடியவே முடியாது. அந்த விசித்திரமான தொடக்க எண்ணுக்குக் காரணம் உண்டு. நாம் உணரும் சிரமத்துக்குக் கொடுக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளவயதினரின் இதயத் துடிப்பு தோராயமாக வந்துவிடும். இதய நோயாளிகளின் மறுவாழ்வுப் பயிற்சிகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது முக்கியம். அந்த மாத்திரை இதயத் துடிப்பையே கட்டுப்படுத்தி வைப்பதால், 220 சூத்திரமும் அதை வைத்து வாட்ச் போடும் ஜோன்களும் அவர்களுக்குப் பொருந்தா. எவ்வளவு வேகம் போகலாம் என்பதை அவர்கள் தம் மருத்துவரிடம்தான் முடிவு செய்ய வேண்டும். நெஞ்சில் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால், வாட்ச் எவ்வளவு அமைதியான எண்ணைக் காட்டினாலும் உடனே நிறுத்த வேண்டும்.

உங்கள் வாட்ச் உங்கள் கையில் எப்படி என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் உள்ள எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிற்பதற்கு முன்பே பார்க்க வேண்டும், நின்றுவிட்டால் கையசைவு போய் வாட்ச் தானாகவே சரியாகிவிடும். நின்ற உடனே கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு விரலை லேசாக வைத்து, 10 விநாடி நாடியை எண்ணி ஆறால் பெருக்குங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் இதயமே இறங்கத் தொடங்கிவிடும். எண்ணுவதில் ஒரு துடிப்பு தவறினாலும் விடையில் ஆறு மாறும் என்பதால், ஆறு ஏழு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இருபது, முப்பது என்று திரும்பத் திரும்ப வந்தால், அந்த வேகத்தில் அந்த வாட்ச் உங்கள் இதயத்தைப் பார்க்கவில்லை.